ஐந்து ஆம்பியர்

அத்தியாயம் 14

“அந்தப் பொண்ணு வருவாளா, மாட்டாளா?”

காலையிலிருந்து இன்ஸாஃப் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள். பிஞ்சுச் சுரைக்காய்களைக் குடைந்துகொண்டே கேட்டாள். பால்கனிக் கொடியிலிருந்து துணிகளை அள்ளும்போதும் கேட்டாள்.

“மழை பெய்யுதும்மா. அல்-மீனாவுலேருந்து வரணும். ஆள் நிரம்பினாத்தான் டாக்ஸிக்காரன் வண்டிய எடுப்பான்,” என்றாள் லமா.

“நிரம்பலைன்னா?”

“நீந்தி வருவா.”

சொன்ன பிறகுதான் லமாவுக்கு உறைத்தது. அலை, படகு, நீச்சல் என்ற சொற்களை இந்த வீட்டில் யாரும் வாயில் எடுப்பதில்லை. இன்ஸாஃபின் கையிலிருந்த கத்தி ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி சுழன்றது. சுரைக்காயின் உள்சதை வெள்ளைச் சுருளாகத் தட்டில் விழுந்தது.

சாப்பாட்டு மேசையில், மடித்த துண்டின் மேல், லமாவின் அண்ணன் நிஸாரின் லேப்டாப் இருந்தது. அதற்கு மேலும் ஒரு துண்டு போர்த்தியிருந்தது. இன்ஸாஃப் போர்த்தியது. குளிரும் என்று நினைத்தாளோ என்னவோ.

நிஸார் போனது வெயில்காலத்தின் கடைசியில். பெய்ரூத்தில் ஒரு வேலை இருக்கிறது, நண்பனோடு தங்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டு, பொழுது சாயும் முன்பே பையை மாட்டிக்கொண்டு இறங்கினான். மறுநாள் காலை லமாவின் போனுக்கு ஒரு வரி வந்தது. ‘கடல்ல இருக்கேன். அம்மாகிட்ட மெதுவா சொல்லு.’ அவ்வளவுதான். அதன் பிறகு செய்தியும் வரவில்லை, உடலும் வரவில்லை.

விட்டுப்போனது இந்த லேப்டாப்பை. அதற்குள் அவன் குரல் இருந்தது. ஜெர்மன் பேசிப் பழகுவதற்காக அவன் தானே பதிவு செய்து வைத்திருந்த பாடங்கள். என் பெயர் நிஸார், நான் திரிப்போலியைச் சேர்ந்தவன், இது ஒரு நாற்காலி, அது ஒரு ஜன்னல். இன்ஸாஃபுக்கு அந்த மொழியில் அம்மாவைக் குறிக்கும் ‘முட்டர்’ என்ற ஒரு சொல்லைத் தவிர எதுவும் தெரியாது. ஆனாலும் தினமும் மதியம் பாத்திரம் கழுவி முடித்ததும் வந்து உட்கார்ந்து கேட்பாள். “இஹ் ஹைஸ நிஸார்” என்று அவன் தொடங்கும்போது அவள் உதடுகளும் அசையும். நாற்காலியைப் பற்றி அவன் பேசும்போதுகூடத் தன்னைப் பற்றிப் பேசுகிறான் என்பதுபோல் தலையாட்டுவாள்.

போன வாரம் அதுவும் போயிற்று.

அந்தப் படகில் காணாமல்போனவர்களின் குடும்பங்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்ஆப் குழு வைத்திருந்தார்கள். அதில் யாரோ ஒரு ஃபைலைப் போட்டார்கள். ‘தீவு முகாமில் இருப்பவர்களின் பெயர்கள்’ என்று தலைப்பு. வேறு எந்த ஊரிலும் இப்படி ஒன்று வந்தால் நாலு பேர் சந்தேகப்பட்டிருப்பார்கள். அந்தக் குழுவில் சந்தேகப்பட யாருக்கும் தெம்பில்லை. போனில் திறக்கவில்லை என்று லமா லேப்டாப்பில் போட்டுத் திறந்தாள். பெயர்கள் வரவில்லை. படங்கள், பாட்டுகள், குரல்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டிக்கொண்டன. திரையில் காசு கேட்டு ஒரு சிவப்பு அறிவிப்பு நின்றது. தாயின் ஆசையைத் தூண்டிலில் மாட்டியவன் எவனோ, எந்த நாட்டில் காபி குடித்துக்கொண்டிருக்கிறானோ.

பதறிப்போய்க் கடைத்தெரு ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனார்கள். அவன் சுத்தம் செய்கிறேன் என்று எதையோ அழித்துத் தந்தான். அன்றிலிருந்து கறுப்புத் திரையில் ஒரு சின்னக் கோடு மட்டும் கண் சிமிட்டியது.

இன்றைக்கு ஜுமானா வருகிறாள். நிஸாரோடு ஒரே வகுப்பில் கணினி படித்தவள்.

*

வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து லமாவின் அப்பா ஃபௌஸி நனைந்த செருப்போடு உள்ளே வந்தார். வந்ததும் வராததுமாக வாசலருகே இருந்த மின்பெட்டியைத் திறந்து பார்த்தார். இந்தக் கட்டடத்துக்கு அரசாங்கக் கரண்ட் வந்தால் வரும். வராத நேரமெல்லாம் தெரு ஜெனரேட்டர்தான். வீட்டுக்கு ஐந்து ஆம்பியர். அதில் ஃப்ரிட்ஜ் ஓடும், விளக்கெரியும், டிவி பார்க்கலாம். இஸ்திரி போட வேண்டுமென்றால் ஃப்ரிட்ஜை நிறுத்த வேண்டும். குளியலறை ஹீட்டரைத் தொட்டால் கேள்வியே இல்லை, கீழே தெருப்பெட்டியில் சுவிட்ச் விழுந்து வீடே இருண்டுவிடும். லிஃப்டும் ஓடாது. முட்டி தேய்ந்த ஃபௌஸிதான் மாடிப்படி இறங்கிப் போய்த் தூக்கிவிட வேண்டும்.

அதனால் ஹீட்டர் சுவிட்சின் மேல் கறுப்பு டேப் ஒட்டி வைத்திருந்தார். அரசாங்கக் கரண்ட் வரும்போது மட்டும் அவரே பிரிப்பார், அவரே ஒட்டுவார்.

“எனக்கு ஒரு நாள் ஜுரம்னா நெத்தியத் தொட்டுப் பாக்கமாட்டார். அந்தப் பெட்டிய தினம் தொட்டுப் பாக்கறார்,” என்றாள் இன்ஸாஃப்.

“உனக்கு ஜுரம் வந்தா டாக்டர் இருக்கான். இதுக்கு நான்தான்,” என்றார் ஃபௌஸி. “கல்தூன் வரானா இன்னிக்கு?”

“எந்த வெள்ளிக்கிழமை வராம இருந்தான்? சுரைக்காய் வாசனை அவன் வீடு வரைக்கும் போகும்.”

கல்தூன் இன்ஸாஃபின் தம்பி. நிஸார் போனதிலிருந்து ஒரு வெள்ளிக்கிழமை தவறியதில்லை. அவர் வருவதைத் தெருவே அறியும். அவருடைய பழைய மெர்சிடிஸின் ஹாரன் சளி பிடித்த ஆடு கத்துவதுபோலக் கத்தும். “மாமா, இத மாத்துங்க, இல்ல அறுத்துடுங்க” என்று நிஸார் கிண்டல் செய்வான்.

ஃபௌஸி மேசையருகே வந்து நின்றார். துண்டின் ஓரத்தை விரலால் நிமிண்டினார்.

“கடைக்காரனே கைய விரிச்சுட்டான். இந்தப் பொண்ணு என்ன பண்ணிடப் போறா?”

“பாக்கட்டும்பா. என்ன போச்சு?” என்றாள் லமா.

“ஒண்ணும் போகல. ஆசை காட்டி ஏமாத்தினா உங்கம்மா தாங்கமாட்டா. அதான்.”

*

ஜுமானா மூச்சு வாங்க மேலே வந்து சேர்ந்தாள். குடை இருந்தும் பாதி நனைந்திருந்தாள்.

“லிஃப்ட் இல்லைன்னு சொல்லியிருந்தா என்னைப் பெண் கேட்டு வர்ற வரைக்கும் வீட்டுலயே இருந்திருப்பேன், உம்மு நிஸார்.”

“பெண் கேட்டு வரட்டும், இந்தப் படியேத்திக் காட்டறேன். மேல வந்து சேர்றவன்தான் மாப்பிள்ள,” என்று இன்ஸாஃப் அவளைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டவள் சட்டென்று விடவில்லை. மகனின் வகுப்பில் உட்கார்ந்திருந்த தோள்கள்.

காபி வந்தது, எள் தூவிய ரொட்டி வந்தது, “இன்னும் ஒண்ணு, எனக்காக” வந்தது. அதெல்லாம் முடிந்த பிறகுதான் ஜுமானாவை மேசைக்கு விட்டார்கள். அவள் ஒரு பென் டிரைவைச் செருகி, பொத்தானை அழுத்தி, காதைக் கீபோர்டின் மேல் வைத்துக் கேட்டாள். உள்ளே மெல்லிய ஓசை. சுழற்சி, நடுநடுவே டக், டக்.

“கேக்குதா லமா? டிஸ்குக்கு உடம்பு சரியில்ல. யாராவது கீழ போட்டீங்களா?”

“ரிப்பேர் கடையிலேருந்து வந்ததுலேருந்து இப்படித்தான்.”

“ம்.” ஜுமானா கடைக்காரனைப் பற்றி ஏதோ முணுமுணுத்தாள். பெரியவர்கள் இருந்ததால் பாதியில் விழுங்கினாள்.

திரை வெளுத்தது. அதைப் பார்த்ததும் இன்ஸாஃப் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

“இன்னும் நிஸார் லேப்டாப் திறக்கல, உம்மு நிஸார். என் பென் டிரைவ்லேருந்து ஓடுது. வெளியிலேருந்து ஜன்னல் வழியா எட்டிப் பாக்கற மாதிரி.” ஜுமானா நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள். “நிஸார் இதுல ரெண்டு பாதி வெச்சிருந்தான். ஒரு பாதி விண்டோஸ், நீங்கல்லாம் பாட்டு கேக்கறது. இன்னொரு பாதி லினக்ஸ், அவன் தனியா வேலை பாக்கறது. ஒரே வீடு, ரெண்டு ரூம். திருடன் ஒரு ரூம்லதான் பூந்திருக்கான். அடுத்த ரூம் இருக்கறது அவன் கண்ணுக்கே தெரியாது. அந்தப் பாஷை அவனுக்கு வராது.”

“அப்ப அந்த ரூம் அப்படியே இருக்கா?” லமாவின் குரல் கிறீச்சிட்டது.

“இருக்கணும். கடைக்காரன் ரெண்டு ரூமுக்கும் சேத்து வாசக்கதவ அடைச்சு வெச்சிட்டான், அவ்வளவுதான். நிஸார் ஜெர்மன் பதிவு பண்ணினது லினக்ஸ் பக்கம். உங்களுக்குக் கேக்கறதுக்கு விண்டோஸ் பக்கம் ஒரு காப்பி போட்டிருப்பான்.”

“எல்லாமே இருக்குமா?” என்று கேட்டார் ஃபௌஸி. அவர் இன்னும் உட்காரவில்லை. “கடைசியா அவன் பேசி வெச்சது வரைக்கும்?”

“கடைசி வரைக்கும் இருக்கும், அபூ நிஸார். காப்பி போடாம விட்டதும்கூட.”

அவர் தலையசைத்தார். பெண்கள் மூவரும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அபூ நிஸார், உம்மு நிஸார். நிஸாரின் அப்பா, நிஸாரின் அம்மா. முதல் பிள்ளை பிறந்த நாளிலிருந்து இந்த ஊர் ஒரு மனிதரையும் அவர் மனைவியையும் இப்படித்தான் கூப்பிடும். அவர்களும் ஒருவரையொருவர் அப்படித்தான். காணாமல்போனவனின் பெயர் இந்த வீட்டில் காபிக்கும் உப்புக்கும் நடுவே ஓயாமல் ஒலித்துக்கொண்டிருந்தது. நிறுத்தவும் வழியில்லை, மாற்றவும் வழியில்லை.

“ஒரு விஷயம்.” ஜுமானாவின் முகத்தில் விளையாட்டு போயிருந்தது. “இந்த டிஸ்க் இப்ப சுத்துதுல்ல? நின்னா மறுபடி சுத்தும்னு நான் சொல்லமாட்டேன். சுத்தறப்பவே எல்லாத்தையும் இன்னொரு பென் டிரைவுக்கு மாத்திடணும். நடுவுல கரண்ட் போகக்கூடாது. பேட்டரி எங்க?”

“உப்பிப்போச்சு. வீடு எரியும்னு நான்தான் கழட்டித் தூரப் போட்டேன்,” என்றார் ஃபௌஸி.

“யுபிஎஸ்?”

“இன்டர்நெட் பெட்டியத் தாங்கும். அதுக்கே மூச்சு வாங்கும்,” என்றாள் லமா. “டிஸ்க்கக் கழட்டி உன் லேப்டாப்புல மாட்டினா?”

“என்னோடத போன வருஷமே வித்துட்டேன். இப்ப இருக்கறது ஆபீஸோடது. திருடன் பூந்த டிஸ்க்க அதுல சொருகினா என்னையும் சேத்துக் கழட்டிடுவாங்க.”

“வெளிய எங்கயும் போக வேண்டாம்,” என்று இன்ஸாஃப் குறுக்கிட்டாள். “ஒரு தடவ வெளிய அனுப்பினது போதும். இங்கயே பண்ணு, ஹபீப்தி, என் கண்ணு.”

எல்லோரும் ஃபௌஸியைப் பார்த்தார்கள். இந்த வீட்டில் கரண்ட் என்றால் அவர்தான்.

“ஃப்ரிட்ஜ நிறுத்தறேன். டிவி கிடையாது. அரசாங்கக் கரண்ட் வந்தாலும் மாத்தமாட்டேன், மாத்தும்போது ஒரு துடி துடிக்கும்,” என்றார். “ஜெனரேட்டர்லயே ஓடட்டும். நான் பாத்துக்கறேன்.”

“அபூ நிஸார் பாத்துக்கறேன்னா பாத்துப்பார்,” என்றாள் இன்ஸாஃப். பல மாதங்களுக்குப் பிறகு அவரைப் பார்த்து இலேசாகச் சிரித்தாள். “கஞ்சத்தனமும் ஒரு நாள் உதவும்.”

அவர் சிரிக்கவில்லை. மின்பெட்டிப் பக்கம் போனார்.

*

உள்ளே இருந்தது.

உண்மையாகவே இருந்தது. ஜுமானா ஒரு மஞ்சள் சதுரத்தைத் திறந்தாள், அதற்குள் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று. கடைசியில் வரிசையாக நின்றன நிஸாரின் குரல்கள். சத்தமில்லாமல், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரோடு. நாற்காலி. ஜன்னல். ரயில் நிலையத்தில். டாக்டரிடம். என் குடும்பம்.

“இதெல்லாம் அவனா?” என்று இன்ஸாஃப் கிசுகிசுத்தாள். சத்தம் போட்டால் பறந்துவிடும் என்பதுபோல.

“எல்லாம் அவன்தான்.”

இன்ஸாஃப் திரையைத் தொடவில்லை. திரைக்கு முன்னால் காற்றில் கையை வைத்தாள். அடுப்பில் கை காய்வதுபோல.

லமாவுக்கு அழுகை வரப் பார்த்தது. கண் எரிந்தது. பெயர்களின் பக்கத்தில் தேதியும் நேரமும் இருந்தன. ஜுமானா புதியவை முதலில் வரும்படி அடுக்கினாள், காப்பி எடுக்கத் தொடங்கினாள். டிஸ்க் டக், டக் என்றது. ஒரு பச்சைக் கோடு எறும்புபோல நகர்ந்தது.

“ரொம்ப மெதுவா போகுதே?”

“வயசானவங்க படியேறுற மாதிரிதான். தள்ளினா விழுந்துடும்.”

லமா முதல் வரியைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

“ஜுமானா. இந்தத் தேதி.”

“ம்?”

“இது அவன் போன ராத்திரி. நேரம் பாரு. ராத்திரி ஒரு மணி. சாயங்காலமே போயிட்டான் அவன். பன்னண்டு மணிக்கே படகு கிளம்பிடுச்சு. ஒரு மணிக்குக் கடல்ல இருந்திருக்கணும்.” அவள் அம்மாவின் பக்கம் திரும்பினாள். “அப்ப யாரு இத இங்க பதிவு பண்ணினது? அம்மா! ஒரு மணிக்கு அவன் இங்க இருந்திருக்கான்! படகுல ஏறல அவன். அந்தப் படகுல அவன் இல்லம்மா!”

இன்ஸாஃப் எழுந்துவிட்டாள். நாற்காலி பின்னால் சாய்ந்தது. அவள் முகம் இருபது வயது குறைந்துபோனது. பிறகு எப்போதும் அந்த முகத்தை நினைக்கவே லமா பயப்பட்டாள்.

“இல்ல,” என்றாள் ஜுமானா. மிக மெதுவாகச் சொன்னாள். “மன்னிச்சுக்கங்க. இல்ல. அந்த நேரம் தப்பு.”

“எப்படித் தப்பாகும்? மெஷின் பொய் சொல்லுமா?”

“ரெண்டு பாதிக்கும் ஒரே கடிகாரம். ஆனா அத ரெண்டும் வேற வேற மாதிரி படிக்கும். விண்டோஸ் அத நம்ம ஊர் நேரம்னு நினைச்சு வெக்குது. லினக்ஸ் அத லண்டன் நேரம்னு நினைச்சு மூணு மணி கூட்டிக்குது. இன்டர்நெட் இல்லாம திறந்தா எப்பவும் இப்படித்தான். வகுப்புல எல்லாரும் சரி பண்ணிக்கிட்டோம். நிஸார் மட்டும் பண்ணல. ‘நான் எப்பவும் மூணு மணி நேரம் முன்னாடி வாழறேன்’னு சொல்லிட்டுத் திரிவான்.” ஜுமானா கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். “ஒரு மணின்னா, பத்து மணி. பத்து மணிக்குப் பேசியிருக்கான். அப்புறம் போயிருக்கான்.”

இன்ஸாஃப் உட்காரப் போனாள். உட்கார நாற்காலி இல்லை, சாய்ந்து கிடந்தது. ஜுமானா தாங்கிப் பிடித்து உட்கார வைத்தாள்.

படகு அவனைத் திரும்ப எடுத்துக்கொண்டது. இரண்டாவது முறையாக.

லமா மட்டும் அந்த எண்ணிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பத்து மணி. சாயங்காலமே பையோடு இறங்கிப் போனவன், பத்து மணிக்கு எப்படி இந்த மேசையில் உட்கார்ந்து பேசினான்?

அன்றைக்கு வீட்டில் யார் இருந்தார்கள்? அவளும் அம்மாவும் இல்லை. கல்தூன் மாமாவின் மகளுக்கு நிச்சயதார்த்தம். பாட்டு, கைத்தட்டல், எலுமிச்சைச் சாறு. நடுவில் மாமா ஐஸ்கட்டி வாங்கிவரப் போய் வெகுநேரம் ஆளைக் காணோம் என்று மாமி கத்தியதுகூட ஞாபகம் இருந்தது. இரவு இரண்டு மணிக்கு மேல்தான் வீடு திரும்பினார்கள். முட்டி வலி என்று வராமல் இருந்தது ஒருவர்தான்.

‘எனக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா அவன் கால ஒடிச்சுப் படுக்க வெச்சிருப்பேன்.’ துறைமுகத்தில், பள்ளிவாசலில், வந்தவர் போனவர் எல்லோரிடமும் அவர் சொன்னது. சொல்லிச் சொல்லி அழுதது.

லமா மின்பெட்டியின் பக்கம் திரும்பினாள். அங்கே யாரும் இல்லை.

“அப்பா எங்க?”

“அஸர் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளூ செய்யப் போயிருப்பார்,” என்றாள் இன்ஸாஃப், எங்கோ பார்த்தபடி.

விளக்கு அணைந்தது.

*

கறுப்பாகிப்போன திரையில் மூன்று முகங்கள் மங்கலாகத் தெரிந்தன. உள்ளே சுழற்சி இறங்கியது, இறங்கியது, நின்றது. கடைசியாக ஒரு டக்.

“இல்ல, இல்ல, இல்ல,” என்றாள் ஜுமானா.

“விழுந்துடுச்சு போல,” என்று நடையிலிருந்து ஃபௌஸியின் குரல் வந்தது. “யாராவது எதையாவது போட்டீங்களா? இருங்க. கீழ போய்த் தூக்கிவிட்டு வரேன்.”

டார்ச் வெளிச்சம் சுவரில் ஆடி வெளியே போனது. படிகளில் அவருடைய முட்டி வலிக்கும் காலடிச் சத்தம், ஒன்று பலமாக, ஒன்று மெல்ல.

லமா எழுந்து நடையைத் தாண்டிக் குளியலறைக்குப் போனாள். போனின் வெளிச்சத்தைச் சுவரில் அடித்தாள். கறுப்பு டேப் வாஷ்பேசின் விளிம்பில் சின்ன உருண்டையாகக் கிடந்தது. ஹீட்டர் சுவிட்ச் கீழே அழுத்தப்பட்டிருந்தது.

அவர் வாழ்நாளில் வெந்நீரில் ஒளூ செய்ததில்லை. பனிக்காலத்தில்கூடப் பச்சைத் தண்ணீர்தான். அதில் அவருக்கு ஒரு பெருமை.

அவள் டேப் உருண்டையைக் கையில் எடுத்தாள். இன்னும் ஒட்டியது.

சுவிட்சை அவள்தான் மேலே தூக்கினாள். இல்லையென்றால் கீழே எத்தனை முறை தூக்கிவிட்டாலும் விழுந்துகொண்டேதான் இருக்கும். திரும்பி வந்து உட்கார்ந்தாள். உருண்டையை உள்ளங்கையில் மூடி வைத்துக்கொண்டாள். ஒருவேளை மறந்திருப்பார் என்று நினைக்க முயன்றாள். குளிர் தாங்காமல், வயதாகிப்போய், யோசிக்காமல். ஐந்து ஆம்பியரைக் கண்ணிமைபோல் காத்தவர், இன்றைக்கு, இந்த நேரத்தில் மறந்தார் என்று.

விளக்கு வந்தது. ஜுமானா பொத்தானை அழுத்தினாள். பென் டிரைவிலிருந்து திரை வெளுத்தது. ஆனால் டிஸ்கிலிருந்து சுழற்சி இல்லை. டக், டக், டக், பிறகு அதுவும் இல்லை. மஞ்சள் சதுரம் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. அவள் நிறுத்திப் பார்த்தாள், காத்திருந்து பார்த்தாள், உள்ளங்கைகளால் சூடு கொடுத்துப் பார்த்தாள். கடைசியில் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

“போச்சா?” என்றாள் இன்ஸாஃப்.

“போச்சு, உம்மு நிஸார்.”

“நாற்காலியும் போச்சா? ஜன்னலும்?”

ஜுமானாதான் முதலில் அழுதாள். இன்ஸாஃப் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

ஃபௌஸி மூச்சு வாங்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். ஒரு கை கதவில், ஒரு கையில் டார்ச். அணைக்க மறந்த டார்ச்.

“என்னாச்சு?”

“ஒண்ணே ஒண்ணு வந்திருக்கு.” ஜுமானா மூக்கை உறிஞ்சிக்கொண்டு இன்னொரு பென் டிரைவைப் பார்த்தாள். “கரண்ட் போறதுக்கு முன்னாடி முழுசா இறங்கினது இது ஒண்ணுதான். முதல்ல இருந்தது. அந்த ராத்திரி பேசினது.”

ஃபௌஸி டார்ச்சைக் கை மாற்றிக்கொண்டார்.

“போடு,” என்றாள் இன்ஸாஃப்.

“இப்ப வேண்டாம், உம்மு நிஸார்,” என்றார் ஃபௌஸி. “நீ களைச்சுப் போயிருக்க. நாளைக்குக் கேக்கலாம்.”

“அம்மா, நாளைக்கு...” என்று லமாவும் தொடங்கினாள். அவள் ஏன் சொல்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

“எனக்கு மிச்சம் இருக்கறது இது ஒண்ணு. போடு பொண்ணே.”

*

“இஹ் ஹைஸ நிஸார்.”

அவன் குரல். கொஞ்சம் இறுகின, கொஞ்சம் சிரித்த குரல். இன்ஸாஃபின் உதடுகள் கூடவே அசைந்தன. பெயர் முடிந்ததும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

லமாவுக்குக் கொஞ்சம் ஜெர்மன் புரியும். அண்ணன் பாடம் பழகும்போது எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டவள் அவள்தான். பள்ளிக்கூடத்துப் பிள்ளை வாசிப்பதுபோல அவன் ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னான். என் அம்மா ஒரு விழாவுக்குப் போயிருக்கிறாள்.

“முட்டர்னா நான்தானே?” என்று இன்ஸாஃப் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

“நீதாம்மா.”

என் தங்கையும் விழாவுக்குப் போயிருக்கிறாள். நான் வீட்டில் இருக்கிறேன். என் அப்பா வீட்டில் இருக்கிறார். என் அப்பா எனக்கு முட்டை பொரித்துத் தந்தார். முட்டையில் உப்பு இல்லை. என் அப்பா அழுகிறார்.

லமாவின் கை நிறுத்தும் பொத்தானை நோக்கி நகர்ந்தது. நிறுத்திவிட்டால் அம்மாவுக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. வெறும் புரியாத மொழி. தினமும் மதியம் கேட்டு, தலையாட்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போவாள். லமா அப்பாவைப் பார்த்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுத்து என்று கேட்கும் முகம் அது.

அவள் விரல் தாமதித்தது.

ஒலிப்பதிவில் ஒரு கதவு திறந்தது. காலடிகள், ஒன்று பலமாக, ஒன்று மெல்ல. பிறகு இன்னொரு குரல், அது ஜெர்மன் பேசவில்லை.

“முடிச்சுட்டியாடா? கிளம்பு. கார் கீழ வந்துடுச்சு.”

அதற்கும் பின்னால், தூரத்தில், தெருவிலிருந்து, சளி பிடித்த ஆடு கத்துவதுபோல ஒரு ஹாரன்.

“வரேன்பா,” என்றான் நிஸார். பதிவு முடிந்தது.

இன்ஸாஃப் கண்ணைத் திறந்தாள். அழவில்லை. மேசை மேலிருந்த துண்டைப் பார்த்தாள். அதை எடுத்து நாலாக மடித்து ஓரமாக வைத்தாள். பிறகு வாசலைப் பார்த்தாள்.

“ஃபௌஸி,” என்றாள்.

நிஸார் பிறந்த நாளிலிருந்து அவள் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. அறிமுகமில்லாத ஒருவரை அதிகாரி ஒருவர் கூப்பிடுவதுபோல இருந்தது அது. டார்ச் அவர் கையிலிருந்து விழுந்து உருண்டு நாற்காலிக் காலடியில் போய் நின்றது. அவர் வாயைத் திறந்தார்.

அப்போது கீழே, மழையில், நிஜமாகவே அந்த ஹாரன் கத்தியது. ஒரு முறை. வழக்கம்போல இன்னொரு முறை.

கார்க் கதவு சாத்தும் சத்தம். பிறகு படிகளில் செருப்புச் சத்தம், பாட்டு ஒன்றை முணுமுணுத்தபடி, ஒவ்வொரு மாடியாக.

இன்ஸாஃப் எழுந்தாள். அடுப்பை அணைத்தாள். மேசையில் அடுக்கியிருந்த தட்டுகளில் ஒன்றை எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தாள்.

“கதவத் திற, லமா,” என்றாள். “உன் மாமா வந்துட்டான்.”